மூணு பீடித் தூரம்

இட்டேரி முடிகிற இடத்திலிருந்து
மூணு பீடித் தூரம் என்றான் பொங்கியண்ணன்.

அவன் பீடி எனக்குத் தெரியும்.
பாதியில் அணையும், காதில் செருகுவான்,
செருகியதை மறந்து இன்னொன்று எடுப்பான்.
அவன் சொல்லும் மூணு
ரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.
நான் பற்றவைத்தும் பார்க்க முடியாது.
புகை போய்ச் சொல்லிவிடும்.

அதனால் கடைசியிலிருந்து கணக்குப் போட்டேன்.
குழல் முனை கண்ணுக்குத் தெரிய
ஆறாக இன்னும் பத்து நிமிஷம் இருக்க வேண்டும்.
அதற்கு முன் அரைமணி அசையாத உட்காரல்,
மூச்சு அடங்க, வேர்வை காய.
அதற்கு முன் நடை.
நடை எவ்வளவு?

போன ஞாயிறு பட்டப்பகலில்
ஆடு தேடுகிறவனாகப் போனேன்.
கடிகாரத்தைப் பார்த்தபடி, பள்ளம் வரைக்கும்
இருபத்தெட்டு நிமிஷம்.
பள்ளத்தில் வாச்சர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
"என்னுங் தேடறீங்?"
"வெள்ளாடுங்."
"என்ன நெறம்?"
இல்லாத ஆட்டுக்கு
நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி வைத்துக் கொடுத்தேன்.
பார்த்தால் பிடித்துக் கட்டுவதாகச் சொன்னார்.
அதோடு திரும்பினேன்.

மூணரைக்கு எழுந்தபோது
"மில்லுக்கா?" என்றாள் துளசிமணி, கண் திறக்காமல்.
"ம்."
தூக்குப்போசியில் கம்மஞ்சோறு ஏற்கெனவே இருந்தது.
வேண்டாம் என்றால் பொய் உடையும்.
கொண்டுபோனேன்.
ஒரு கையில் போசி, தோளில்
சாக்கு சுற்றிய இரவல் துப்பாக்கி.
இட்டேரியில் போசி வளையம் கிணுங்க
வெள்வேல் மரக்கவையில் அதை மாட்டிவிட்டு
மேலே நடந்தேன்.

பகலில் நடந்த கால் வேறு.
அது கிளுவை வேலியைக் கண்ணால் கடந்தது,
இது முழங்கையால்.
பள்ளத்தை எட்டவே நாற்பத்தொன்று.
ரேடிய முள் மட்டும் பச்சையாய் நகர்ந்தது,
நான் நகர்ந்தேனா என்று அதற்குத்தான் தெரியும்.

அப்பால் எல்லாமே பொங்கியண்ணன் வாய்ச்சொல்:
பிளந்த பாறை, பிறகு ஊஞ்சமரம்,
பிறகு கைவிட்ட கிணறு.
எல்லாப் பாறையும் இருட்டில் பிளந்திருந்தது.
தூரத்தில் திம்பம் வளைவுகளில்
ஒரு லாரி வெளிச்சம் ஏறியது.
ஒவ்வொரு வளைவுக்கும் அணைந்து
இன்னும் உயரத்தில் முளைத்தது.
அதற்காவது வழி தெரிந்திருக்கிறது.
மலையிலிருந்து குளிர்காற்று என் முகத்துக்கு இறங்கியது.
அது ஒன்றுதான் கணக்குப்படி நடந்தது.

கிணற்றைக் காலால் கண்டுபிடித்தேன்.
இன்னும் ஒரு அடி வைத்திருந்தால்
உடம்பாலேயே கண்டுபிடித்திருப்பேன்.
மண்டியிட்டு மணி பார்த்தேன்:
அஞ்சு இருபத்தெட்டு.
எட்டு நிமிஷம் தாமதம்.

அப்போது கேட்டது மெல்லும் சத்தம்.
எதிரே யாருடைய கல்லக்காடோ.
ஒன்று இரண்டல்ல,
இருட்டே கொடியைப் பிடுங்கித் தின்பதுபோல.
நான் வந்து காத்திருக்கவேண்டியவை
வந்து வெகுநேரமாகித்
தின்றுகொண்டிருந்தன.
துப்பாக்கியைச் சாக்கிலிருந்து உருவினேன்.
குழல் தெரியவில்லை. என் கையும் தெரியவில்லை.
வெளிச்சம் வர இருபது நிமிஷம். இருக்கட்டும்.

அஞ்சரைக்குச் சங்கு ஊதியது.

எங்கள் மில் சங்கு.
ஆறு மணி ஷிப்டுக்கு முதல் சங்கு.
இவ்வளவு தூரம் கேட்கும் என்று
பதினேழு வருஷத்தில் நான் நினைத்ததில்லை.
மெல்லும் சத்தம் நின்றது.
ஓட்டமில்லை, திகைப்பில்லை.
ஷிப்டு முடிந்தவர்கள் கேட்டைத் தாண்டுவதுபோல
ஒன்றன்பின் ஒன்றாகக்
குளம்புகள் காட்டுப்பக்கம் ஏறின.
சங்கு ஊதினால் சாளைகளில் விளக்கு எரியும்,
விளக்கு எரிந்தால் நாய் வரும்.
அவற்றின் கணக்கில் பிசகில்லை.

கடைசிக் குளம்பும் அடங்கிய பிறகுதான் கவனித்தேன்:
நானும் எழுந்து நின்றிருக்கிறேன்.
சங்குக்கு எழுந்த உடம்பு.

கிழக்கே லேசாய் வெளுத்தது.
குழல் முனை தெரிந்தது, நேரத்துக்குச் சரியாக.
எண்ண ஆரம்பித்தேன்:
இங்கிருந்து பள்ளம், பள்ளத்திலிருந்து
வெள்வேல் மரம், போசி,
துப்பாக்கியை ஒளிக்கப் பத்து நிமிஷம்.
ஏழுக்குள் கேட்டை எட்டினால்
அரைநாள் கூலியாவது தேறும்.
எட்டு நிமிஷம் என்று பல்லுக்குள் திட்டிக்கொண்டே
நடந்தேன்.
பள்ளத்தில் வாச்சர் கையில் கயிறு,
கயிற்றில் ஒரு வெள்ளாடு.
அதன் நெற்றியில் சுட்டி.